ஆனந்தத்தின் கடன்

வீட்டில் ஒரு வாலிபன், கஞ்சாப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்து கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தாயார் மஞ்சள் துணியில் காசு முடிந்து குலதெய்வத்துக்கு எடுத்து வைக்கிறாள். தகப்பனார் பல மாதங்களுக்குப் பிறகு அன்றிரவு நிம்மதியாகத் தூங்குகிறார். முதல் நாள் ஒரு குறைவுமின்றிக் கழிகிறது. மூன்றாவது நாள், குழம்பு வாயில் வைக்க வழங்கவில்லை என்று பையன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிறான். இரவு இரண்டு மணிக்கு மாடியில் அவன் நடமாடும் ஓசை கேட்கிறது. நான்காவது நாள் தங்கையின் மீது காரணமின்றி எரிந்து விழுகிறான். ஐந்தாவது நாள் தகப்பனார் பொறுமையிழந்து, "புகைத்துக்கொண்டிருந்தபோதே தேவலையே! அப்போதாவது மனுஷனாக இருந்தானே!" என்று சொல்லிவிடுகிறார். ஆறாவது நாள் பையனுக்கும் அப்படியே தோன்றிவிடுகிறது.

இது எந்த ஒரு குடும்பத்தையும் குறித்து நாம் எழுதியதல்ல. ஆனால் எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. போதைப் பழக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அது தொடங்குகிற நாளைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். தீய நண்பர்கள், சினிமா, தனிமை என்று காரணங்களை அடுக்குகிறார்கள். விட்டுவிட வேண்டும் என்பதைப் பற்றியும் உபதேசங்களுக்குக் குறைவில்லை. ஆனால் விட்டபிறகு வருகிற பதினைந்து நாட்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் மிகச் சிலரே. பையன் மீள்வானா, மீண்டும் வழுக்கி விழுவானா என்பது பெரும்பாலும் அந்த நாட்களில்தான் இருக்கிறது. ஆகையால் இந்த வாரம் அந்த ஐந்தாவது நாளைப் பற்றியே எழுத உத்தேசித்திருக்கிறோம்.

கஞ்சா விஷயத்தில் உலகத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. முதற் கட்சியார், "அது வெறும் செடி; பசுவைப்போல் சாது; இன்று விட்டால் நாளைக்கு ஒன்றும் தெரியாது" என்பார்கள். இரண்டாவது கட்சியார், "ஒரு தடவை தொட்டால் போதும், பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான்" என்பார்கள். முதற் கட்சியாரை நம்பிய பையன், விட்டபின் வேதனை வரும்போது தனக்குத்தான் ஏதோ விசேஷமான கோளாறு என்று பயப்படுகிறான். இரண்டாவது கட்சியாரின் எச்சரிக்கையைக் கேட்ட பையனோ, பத்துத் தடவை தொட்டும் பைத்தியம் பிடிக்காததைக் கண்டு, பெரியவர்கள் சொல்வதெல்லாம் பொய் என்று தீர்மானித்துவிடுகிறான். இரண்டு கட்சியாராலும் அவனுக்கு நன்மையில்லை.

இந்த வழக்கு நம் தேசத்துக்குப் புதிதல்ல. 1893-ம் வருஷத்தில், பிரிட்டிஷ் பார்லிமெண்டில் எழுந்த ஒரு கேள்வியின் பேரில், கஞ்சா, பங்கி, சரஸ் ஆகியவற்றை விசாரிக்க ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. அதன் அங்கத்தினர் ஏழு பேரில் மூவர் இந்தியர்கள். கமிஷனார் 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள். 1894-ல் பல வால்யூம்கள் கொண்ட அறிக்கையை வெளியிட்டார்கள். மிதமாக உபயோகிப்பதால் பெரிய தீங்கு இல்லை, மிதமிஞ்சினால் தீங்கு உண்டு, அடியோடு தடை செய்ய வேண்டியதில்லை என்பது அவர்கள் செய்த முடிவு. கஞ்சாவின் மீது கலால் வரி வசூலித்துக்கொண்டிருந்த ஒரு சர்க்கார் நியமித்த கமிஷன் அது என்பதை நாம் மறக்கலாகாது. ஆனாலும் அதற்காக அவர்களுடைய உழைப்பைத் தள்ளிவிடுவதும் நியாயமல்ல. அவர்கள் வைத்துவிட்டுப் போன கேள்வி ஒன்று இன்னும் நிற்கிறது. மிதம் எங்கே முடிகிறது, மிதமிஞ்சுதல் எங்கே தொடங்குகிறது? அன்று அவர்களுக்குச் சாட்சிகளின் வாய்மொழிதான் ஆதாரம். மனிதனுடைய மண்டைக்குள்ளே எட்டிப் பார்க்க அவர்களிடம் கருவி இல்லை. அந்தக் கருவி பிற்காலத்தில் வந்தது. அது சொல்லும் விடையைத்தான் கீழே பார்க்கப் போகிறோம்.

இந்த விடையைப் பொதுஜனங்களுக்கு விளங்கும்படி எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர், அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்திலுள்ள பக்னெல் சர்வகலாசாலையின் பேராசிரியை ஜூடித் கிரிஸெல் அம்மையார். மூளை சாஸ்திரத்தில் அவர் நிபுணர். ஆனால் அந்த சாஸ்திரத்துக்கு அவர் வந்த வழி சாதாரணமானதல்ல. பதின்மூன்றாவது வயதில் மது அருந்தத் தொடங்கியவர். பிறகு கஞ்சா, கொக்கேய்ன் முதலிய பலவற்றிலும் மூழ்கியவர். இருபத்து மூன்றாவது வயதில் சிகிச்சைக்குப் போய், யாவற்றையும் விட்டவர். அதற்குப் பிறகு கல்லூரிப் படிப்பை முடித்து, டாக்டர் பட்டம் பெற்று, தம்மை ஆட்டிவைத்த அதே வஸ்துக்கள் மூளையில் என்ன செய்கின்றன என்று ஆராய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டார். 2019-ல் அவர் வெளியிட்ட நூலின் பெயரைத் தமிழில் சொன்னால், 'ஒருபோதும் போதாது' என்று ஆகும். பழக்கத்துக்கு அடிமையான ஒருவனுக்கு எவ்வளவு கிடைத்தாலும் அது ஏன் போதாமற் போகிறது என்பதே அந்நூலின் விஷயம்.

அதை அறிந்துகொள்ள, முதலில் கஞ்சா மூளையில் எங்கே போய் உட்காருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அபினியிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில். கஞ்சாவின் சத்தோ நெடுநாள் கையில் அகப்படாமல் இருந்தது. 1964-ல் இஸ்ரேல் தேசத்து ரஸாயன நிபுணர்களான ரபேல் மெக்கூலமும் யெஹீல் காவோனியும் அதைத் தூய்மையாகப் பிரித்து, அதன் அமைப்பையும் கண்டறிந்தார்கள். ஆராய்ச்சிக்கு வேண்டிய சரக்கை மெக்கூலம் போலீஸாரிடமிருந்து கேட்டு வாங்கி, ஐந்து கிலோவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறி வந்தார் என்று அவரே பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. டி.ஹெச்.ஸி. என்று மூன்று எழுத்துக்களில் இன்று குறிப்பிடப்படுவது அந்தச் சத்துதான்.

சாவி கிடைத்தது, பூட்டு எங்கே? 1988-ல் அமெரிக்காவில் ஆலின் ஹௌலெட் அம்மையாரும் அவருடைய மாணவர் வில்லியம் டெவேனும், மூளையின் நரம்பணுக்களின் மேல் இந்தச் சாவி பொருந்தக்கூடிய பூட்டு ஒன்று இருப்பதைக் காட்டினார்கள். அது எங்கெங்கே நிறைந்திருக்கிறது என்று 1990-ல் வேறு நிபுணர்கள் தேசப்படம் வரைவதுபோல் வரைந்து காட்டினார்கள். ஞாபக சக்திக்குரிய இடம், கைகால்களின் அசைவை ஒழுங்கு செய்யும் இடம், சிந்தனைக்குரிய மேற்பரப்பு ஆகியவற்றில் அது அடர்த்தியாக இருக்கிறது. மூச்சை நடத்தும் கீழ்ப்பாகத்திலோ மிகச் சொற்பம். அபினியும் ஹெராயினும் மூச்சை நிறுத்திக் கொல்வதுபோல் கஞ்சா கொல்லாததற்குக் காரணம் இதுவே. முதற் கட்சியாரின் வாதத்தில் உள்ள உண்மை இவ்வளவுதான். கொல்லாதது எல்லாம் சாது என்று அர்த்தமல்ல.

பூட்டு இருக்கிறதென்றால், ஆண்டவன் அதைக் கஞ்சாவுக்காகவா படைத்தான்? நம் சரீரத்திலேயே ஊறும் சாவி ஒன்று இருக்க வேண்டுமல்லவா? 1992-ல் ஜெருசலேமில் டெவேன், ஹனுஷ், மெக்கூலம் முதலியோர் பன்றியின் மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'ஆனந்தமைடு'! நம்முடைய 'ஆனந்தம்' என்னும் வட சொல்லை எடுத்து, ரஸாயன சாஸ்திரத்தின் வாலை ஒட்டி வைத்துவிட்டார்கள். ஜெருசலேம் பரிசோதனைச் சாலையில் நம் வேதாந்த வார்த்தை ஒன்று ஞானஸ்நானம் பெற்றதைக் குறித்து நமக்குப் பெருமைதான்.

ஆனால் இந்த ஆனந்தமைடின் உத்தியோகம் சதா ஆனந்தத்தை வாரி வழங்குவதல்ல. நரம்பணு ஒன்று அடுத்த அணுவுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வாங்கிக்கொள்ளும் அணு, "போதும், கேட்டுவிட்டது, சற்று நிறுத்து" என்று பின்பக்கமாகத் திருப்பி அனுப்பும் தூதர்கள் சிலர் உண்டு. ஆனந்தமைடும் அதன் உறவினமான இன்னொரு ரஸாயனமும் இத்தகைய தூதர்கள் என்று கண்டிருக்கிறார்கள். கச்சேரியில் பக்கவாத்தியக்காரருக்குப் பாடகர் கையசைத்துக் காட்டுவது போன்றது இது. வேண்டிய இடத்தில், வேண்டிய க்ஷணத்தில் பிறந்து, வேலை முடிந்ததும் மறைந்துவிடுகிறது. கஞ்சாப் புகையோ அப்படி வருவதில்லை. ஒரே சமயத்தில் சபை முழுவதும் புகுந்து, எல்லா வாத்தியங்களுக்கும் கையசைக்கிறது. மணிக்கணக்கில் அசைத்துக்கொண்டே இருக்கிறது. கவலை அடங்குகிறது, தூக்கம் வருகிறது, பசி எடுக்கிறது, சாதாரணமான தமாஷும் பெரிய தமாஷாகத் தோன்றுகிறது. ஞாபகமும் காலவுணர்ச்சியும் குழம்புகின்றன.

இதற்கு மூளை என்ன செய்கிறது? சும்மா இருப்பதில்லை. இங்கேதான் கிரிஸெல் அம்மையார் வற்புறுத்தும் விஷயம் வருகிறது.

ஜாங்கிரி தின்றுவிட்டு உடனே காப்பி குடித்துப் பார்த்திருக்கிறீர்களா? வழக்கமாகப் போடும் சர்க்கரைதான் போட்டிருக்கும். ஆனால் கஷாயம்போல் கசக்கும். காப்பி மாறவில்லை, நாக்கு மாறிவிட்டது. இதே மாதிரி, வெளியிலிருந்து வரும் எந்தத் தூண்டுதலையும் மூளை எதிர்த்து நின்று சமன் செய்யப் பார்க்கிறது. 1974-ல் ரிச்சர்ட் ஸாலமன், ஜான் கார்பிட் என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்கள் இதை ஒரு கொள்கையாகவே வகுத்தார்கள். இன்பமானாலும் பயமானாலும், முதல் உணர்ச்சி எழுந்தவுடன் அதற்கு நேர் எதிரான இன்னொன்று மெல்ல எழுகிறது. அது தாமதமாகப் புறப்படும், தாமதமாகவே அடங்கும். அதைவிட முக்கியமாக, மீண்டும் மீண்டும் அதே அனுபவம் நேர நேர, முதலாவது மங்கிப்போகும். எதிராளியோ பலத்துக்கொண்டே வருவான். பாராசூட்டில் குதிப்பவன் முதல் தடவை பயத்தால் நடுங்குகிறான். பல தடவை குதித்தபிறகு நடுக்கம் குறைந்து, தரையில் கால் வைத்ததும் ஒரு குதூகலம் மிஞ்சுகிறது. போதையில் இதே கணக்குத் தலைகீழாக நடக்கிறது. குதூகலம் குறைந்து, பிறகு வரும் கசப்பு மிஞ்சுகிறது.

கஞ்சா விஷயத்தில் இந்த எதிராளியைப் படம் பிடித்தே காட்டிவிட்டார்கள். தினந்தோறும் பல வருஷம் புகைத்த முப்பது பேரின் மூளையை அமெரிக்காவில் விசேஷ யந்திரத்தைக் கொண்டு படமெடுத்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2012-ல் வெளியாயிற்று. மேலே சொன்ன பூட்டுக்கள், மூளையின் மேற்பரப்பில் சுமார் 20 சதவிகிதம் குறைந்திருந்தன. எத்தனை வருஷம் புகைத்தார்களோ அதற்குத் தக்கபடி குறைவும் அதிகமாக இருந்தது. வாசலில் ஓயாமல் கதவைத் தட்டுகிறவன் ஒருவன் இருந்தால், வீட்டுக்காரன் கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்துச் சுவர் எழுப்பிவிடுவதில்லையா? அந்த மாதிரிதான். இதன் பிறகு பழைய அளவு போதாது, கூட வேண்டும். கூடப் போட்டால் இன்னும் சில கதவுகள் மறையும். மிதம் எங்கே முடிகிறது என்ற பழைய கமிஷன் காலத்துக் கேள்விக்கு இதுதான் விடை. வேலி வெளியில் ஓரிடத்தில் நட்டதல்ல. புகைப்பவனுடைய மண்டைக்குள்ளே அது நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டிருக்கிறது. நேற்றைய மிதமிஞ்சுதல் இன்றைய மிதம் ஆகிவிடுகிறது. அவன் வாங்கியது ஆனந்தமல்ல. ஆனந்தத்தைக் கடனாக வாங்கியிருக்கிறான்.

இனி அந்த வாலிபனின் வீட்டுக்குத் திரும்பி வருவோம்.

புகையை நிறுத்திவிட்டான். வெளியிலிருந்து வந்த சாவி நின்றுவிட்டது. ஆனால் கதவுகள் அடைபட்டபடியே இருக்கின்றன. சரீரத்தில் இயற்கையாக ஊறும் ஆனந்தமைடு வந்து நின்றால், திறப்பதற்குப் போதிய பூட்டு இல்லை. எதிராளி மட்டும் களத்தில் தனியே நிற்கிறான். ஆகவே போதை எதையெல்லாம் கொடுத்ததோ அதற்கு நேர் விரோதமானவை ஒவ்வொன்றாக வருகின்றன. அது சாந்தத்தைக் கொடுத்தது; இப்போது கோபம் வருகிறது. அது தூக்கத்தைக் கொடுத்தது. இப்போது தூக்கம் பிடிப்பதில்லை, பிடித்தாலும் பயங்கரமான கனவுகள். அது பசியைத் தூண்டியது. இப்போது சாதத்தைக் கண்டாலே வெறுப்பு. அது உற்சாகமளித்தது, இப்போது உலகமே சாம்பல் நிறம். சிலருக்கு வியர்வை, நடுக்கம், தலைவலி, வயிற்று வலியும் உண்டு. குழம்பில் குற்றமில்லை; தங்கை மீதும் குற்றமில்லை. பழைய கடனுக்கு மூளை தவணை கட்டுகிறது.

இப்படி ஒரு வேதனை உண்டென்பதையே வைத்தியர்களில் பலர் நெடுங்காலம் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது. கஞ்சாவின் சத்து கொழுப்பில் கரைந்து தங்குவது. புகைப்பதை நிறுத்தினாலும் அது சரீரத்தைவிட்டு மெல்ல மெல்லத்தான் வெளியேறும். மதுவையோ ஹெராயினையோ விட்டவன் மாடியிலிருந்து விழுகிறான் என்றால், கஞ்சாவை விட்டவன் படிப்படியாக இறங்குகிறான். பார்ப்பவர்களுக்கு அவன் விழுந்ததே தெரிவதில்லை. பூட்டை அடைத்துச் சாவியைத் தடுக்கும் மருந்து ஒன்று 1994-ல் பிரெஞ்சு தேசத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு இந்தத் திரை விலகியது. கஞ்சாச் சத்துக்குப் பழக்கப்படுத்திய எலிகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்ததும், அவை ஒரே கணத்தில் மாடியிலிருந்து விழுந்த நிலைமையை அடைந்தன. நடுங்கின, உடம்பை உதறின. பயத்துக்கும் படபடப்புக்கும் உரிய ரஸாயனம், மது முதலியவற்றை விட்டபோது பெருகுவதுபோலவே, அவற்றின் மூளையிலும் பெருகியதை 1997-ல் அறிந்தார்கள்.

மனிதர்களிடம் இதை நாள் கணக்காக எழுதி வைத்தவர் டாக்டர் ஆலன் பட்னி. அமெரிக்காவில் வெர்மாண்ட் மாகாணத்தில், வழக்கமாகப் புகைப்பவர்கள் பதினெட்டுப் பேரை நாற்பத்தைந்து நாள் புகையாமல் இருக்கச் செய்து, தினந்தோறும் அவர்களுடைய நிலைமையைக் குறித்து வந்தார். 2003-ல் வெளியான அந்தக் கணக்கை ஒவ்வொரு குடும்பத்தாரும் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளலாம். வேதனை தொடங்குவது முதல் மூன்று நாட்களுக்குள். உச்சத்தை எட்டுவது இரண்டாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள். பெரும்பாலானவை அடங்குவது நாலு நாளிலிருந்து பதினாலு நாளுக்குள். தூக்கக் குறைவும் கனவுகளும் சிலருக்கு இன்னும் சில காலம் நீடிப்பதுண்டு. 2013-ல் அமெரிக்க மனோ வைத்தியர்கள் தங்களுடைய நோய்ப் பட்டியலைப் புதுப்பித்தபோது, கஞ்சாவை விட்டபின் வரும் இந்த வேதனையையும் அதில் முறைப்படி சேர்த்தார்கள்.

நேயர்கள் இந்தக் கணக்கை ஆரம்பத்தில் சொன்ன காட்சியுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தகப்பனார் பொறுமையிழந்த ஐந்தாவது நாளும், பையனின் உறுதி குலைந்த ஆறாவது நாளும், வேதனை மலையுச்சியில் நிற்கிற நாட்கள்! அங்கிருந்து அப்பால் இறக்கம்தான். அதை அறியாமல், உச்சிவரை ஏறிய பிறகு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். பையன் ஒரு தடவை புகைத்தால் அரைமணி நேரத்தில் அத்தனை வேதனையும் மறைந்துவிடுகிறது. "பார்த்தாயா, எனக்கு இது மருந்து, இது இல்லாவிட்டால் நான் மனிதனே அல்ல" என்று அவன் நம்பிவிடுகிறான். மருந்தென்று அவன் நினைப்பது, அந்த நோயை உண்டாக்கிய அதே வஸ்து. கடனை அடைக்க மேலும் கடன் வாங்குகிறவனுக்கு அன்றைய சாயங்காலம் நிம்மதியாகத்தான் இருக்கும்.

மேலே சொன்ன 2012-ம் வருஷத்து ஆராய்ச்சியில் நாம் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று உண்டு. அந்த முப்பது பேரில் சிலரை, சுமார் நான்கு வாரம் புகையாமல் கண்காணிப்பில் இருந்தபிறகு மறுபடியும் படமெடுத்துப் பார்த்தார்கள். மறைந்துபோன பூட்டுக்கள் திரும்பி வந்திருந்தன! வருஷக்கணக்கில் எழுப்பிய சுவரை மூளை ஒரு மாதத்தில் இடித்து, கதவுகளைத் திரும்ப வைத்துவிட்டது. வைத்திய சாஸ்திரத்தில் இவ்வளவு நம்பிக்கை தரும் படங்கள் அதிகமில்லை.

ஆயினும் ஒரு மாதத்தோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பூட்டு திரும்புவது வேறு, ஞாபகம் அழிவது வேறு. மூளை எதிராளியை எழுப்புவதற்குப் புகை வரவேண்டுமென்றுகூடக் காத்திருப்பதில்லை. புகை வரப்போகிற அடையாளத்தைக் கண்டாலே போதும். வழக்கமாகக் கூடும் மொட்டை மாடி, அந்தத் தெருமுனை, அந்தச் சிநேகிதனின் மோட்டார் சைக்கிள் சத்தம் இவையெல்லாம் அடையாளங்கள். அவற்றின் எதிரில் நிற்கும்போது ஏக்கம் திடீரென்று எழுகிறது. ஊரை மாற்று, சேர்க்கையை மாற்று என்று நம் பெரியவர்கள் சொன்னதற்கு இந்த ஆராய்ச்சிகளில் நல்ல ஆதரவு இருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் அளவோடு சொல்ல வேண்டும். கஞ்சாவைத் தொட்டவர்கள் எல்லாரும் அடிமைகளாவதில்லை. 1994-ல் வெளியான ஓர் அமெரிக்க விசாரணையின்படி, அதை எப்போதாவது உபயோகித்தவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேர் அடிமைகளானார்கள். புகையிலையில் அந்தக் கணக்கு முப்பத்திரண்டு. ஒன்பதுதானே என்று முதற் கட்சியார் சொல்லலாம். இளம் வயதில் தொடங்குகிறவர்களுக்கு அபாயம் அதைவிட அதிகம். மேலும், அந்தக் காலத்துச் சரக்கு வேறு, பிந்திய சரக்கு வேறு. அமெரிக்கப் போலீஸார் பிடித்த கஞ்சாவில் போதைச் சத்து 1995-ல் சுமார் 4 சதவிகிதம். 2014-ல் சுமார் 12 சதவிகிதம். பெயர் ஒன்றானாலும், மோரும் சாராயமும் ஒன்றல்ல. தாத்தா காலத்துச் சாமியார் மடத்தை உதாரணம் காட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, வீட்டிலுள்ளவர்கள் என்ன செய்யலாம்? முதலாவதாக, விடுகிற தேதியைக் குறித்து, வரப்போவது இன்னதென்று பையனுக்கும் வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லி வைப்பது. இடி இடிக்கும் என்று தெரிந்தால் குழந்தைகூட அவ்வளவாகப் பயப்படுவதில்லை. இரண்டாவதாக, அந்த இரண்டு வாரமும் படிப்பு, உத்தியோகம், கல்யாணம், கடந்த காலத் தவறுகள் ஆகிய விவகாரங்களை ஒத்தி வைப்பது. ஜுரத்தில் கிடப்பவனிடம் கணக்குக் கேட்போமா? சாப்பிட்டமட்டும் சாப்பிடட்டும், தூங்கினமட்டும் தூங்கட்டும், மாலையில் தகப்பனார் அவனோடு நாலு மைல் நடந்துவிட்டு வரட்டும். மூன்றாவதாக, வைத்தியரைக் கலந்துகொள்ளுவது. இதற்கென்று ஒரு மந்திர மாத்திரை இல்லை; பக்குவமாகப் பேசி மனத்தைத் திருப்பும் சிகிச்சையே முக்கியமானது. கூடவே மதுப்பழக்கமும் இருந்தால் வைத்தியர் இல்லாமல் எதையும் திடீரென்று நிறுத்தலாகாது. மதுவை அப்படி நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னாலும், உயிரை வெறுத்துப் பேசினாலும், ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அது இந்த இரண்டு வாரக் கணக்கில் சேர்ந்ததல்ல.

ஒருவேளை வழுக்கி விழுந்துவிட்டால்? அப்போதும் கதை முடிந்துவிடவில்லை. மறுபடியும் தேதி குறிக்க வேண்டியதுதான். கிரிஸெல் அம்மையாரின் வாழ்க்கையே இதற்கு அத்தாட்சி. இருபத்து மூன்று வயதில், பலரும் கைவிட்டுவிடக்கூடிய நிலைமையில் இருந்த ஒரு பெண், பிற்காலத்தில் சர்வகலாசாலையில் பாடம் சொல்லும் பேராசிரியை ஆனார். தாம் பட்டதை மறைக்காமல் உலகத்துக்கு எழுதியும் வைத்தார்.

நமது தேசிய இயக்கம் லாகிரியை ஒழிப்பதைச் சுயராஜ்யத்தின் ஓர் அங்கமாகவே கருதி வந்தது. 1937-ல் ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவும், தேக சுகத்துக்குக் கேடான போதைப் பொருள்களை விலக்கச் சர்க்கார் முயலவேண்டும் என்று சொல்கிறது. 1985-ம் வருஷத்துச் சட்டம் கஞ்சாவையும் சரஸையும் குற்றத்தில் சேர்த்தது. கடையை மூடச் சட்டத்தால் முடியும். வியாபாரியைச் சிறைக்கு அனுப்ப முடியும். ஆனால் விட்டவனுடைய ஐந்தாவது நாள் இரவில், மாடியில் விளக்கெரியும்போது, அங்கே போலீஸ்காரர் வரமுடியாது. அந்த இரவு வீட்டாருடையது.

ஆகையால் அடுத்த தடவை இரவு இரண்டு மணிக்கு மாடியில் காலடி ஓசை கேட்டால், தகப்பனார் கோபித்துக்கொள்ள வேண்டாம். எழுந்து போய், "தூக்கம் வரவில்லையா? இது ஐந்தாவது நாள் அல்லவா, அப்படித்தான் இருக்கும், நாளைக்கழித்துக் கொஞ்சம் குறையும்" என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பையன் பதில் சொல்லாவிட்டாலும் பாதகமில்லை.